மண் படாத ஜேர்சி

1974ஆம் ஆண்டின் இந்தச் சனிக்கிழமை சிட்னி ஐரிஷ் சமூகத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் என்றும், அயர்லாந்துத் தாய் பெற்றெடுத்த றக்பிச் சிங்கம் கோர்மக் டெம்ப்சி இன்னும் சில நொடிகளில் மேடையில் எழுந்தருளுவார் என்றும் ஒலிபெருக்கியில் முழங்கினார் கிளப் தலைவர்.

சிங்கம் அப்போது மேடைக்குப் பின்னாலிருந்த அறையில், இரண்டு கையும் மேலே, தலை ஜேர்சிக்குள், அலுமாரியில் முட்டிக்கொண்டு நின்றது.

வாலிபத்தில் அளவெடுத்த பச்சை ஜேர்சி. ஐம்பது வயதுத் தொப்பை அதற்குள் போக மறுத்தது. கழுத்துத் துளையில் தாடை சிக்கிவிட்டது.

வலது தோளும் உதவவில்லை. வேல்ஸ்காரரோடு மோதி உடைந்த தோள் என்று கிளப்பில் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் வாசலில் கிறிஸ்மஸ் விளக்குக் கட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்த தோள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்ததே தலைவர்தான். அவரும் வேல்ஸ் என்றுதான் சொல்வார்.

உள்ளே ஒரே அந்துருண்டை மணம். விட்ட மூச்சு திரும்பி முகத்திலேயே அடித்தது.

இன்றைய சடங்கு இது: ஜேர்சியோடு மேடையேறி, சபை முன்னால் அதைக் கழற்றி, தலைவர் கையில் கொடுக்க வேண்டும். அது கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். மேலே விளக்கு. பியர்க் கிளாசும் கையுமாக எவரும் சாவகாசமாக முன்னும் பார்க்கலாம், பின்னும் பார்க்கலாம்.

அந்தப் பின்பக்கத்தை எவரும் பார்த்துவிடக்கூடாது என்பதுதான் டெம்ப்சியின் கவலை.

அவர் பொய் சொன்னவரில்லை. கப்பலில் வந்திறங்கிய வருடம், இதே கிளப்பில், பழைய அயர்லாந்து-வேல்ஸ் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அன்றைக்கு நானும் மைதானத்தில் இருந்தேன் என்று ஒரே ஒரு வசனம் சொன்னார். மிச்சத்தை மற்றவர்கள் சொல்லி முடித்தார்கள்.

அயர்லாந்தின் லிமெரிக்கில் ஒரு சின்னக் கழகத்துக்காக வருடக்கணக்காகச் சேற்றில் புரண்டவர் அவர். அதைப் பற்றி சிட்னியில் ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த கிழமையே கிளப் வாசலில் ஆட்களை வரவேற்கும் வேலை கிடைத்தது. பிறகு மாடியில் ஓர் அறை. பிறகு சுவரில் படம். இப்போது வேலை, அறை, பெயர் மூன்றும் இந்தத் துணியில் தொங்கின. அவரும் தொங்கினார்.

அலுமாரி இடிபடும் சத்தம் கேட்டு, கிளப்பின் கௌரவ வைத்தியர் விக்னராஜா ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டப்ளினில் படித்தவர். ஐரிஷ் கிளப்பில் அவரைச் சேர்த்துக்கொண்டது அந்தப் படிப்புக்காக அல்ல. பழைய சிலோன் றக்பி அணிக்காரர் என்ற பெருமைக்காக. பின்னாலேயே பட்டுச்சேலை சரசரக்க மனைவி சத்தியபாமா.

"இஞ்சேருங்கோ, அந்தாளுக்கு மூச்சு முட்டப்போகுது. பிலாப்பழத்துக்குச் சாக்குக் கட்டின மாதிரியெல்லோ நிக்கிறார்."

துணிக்குள்ளிருந்து டெம்ப்சி கெஞ்சினார். வெட்டிவிடுங்கள் டொக்டர். முதுகுப் பக்கமாக, நடுவால்.

இப்படியொரு பொக்கிஷத்தை வெட்டுவதா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, டொக்டர் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். பின்னால் போனார். குளிர்ந்த இரும்பு இடுப்பில் பட்டதும் டெம்ப்சிக்கு அப்படியொரு நிம்மதி. கிழிந்த ஜேர்சியை எவனும் கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிட மாட்டான்.

இரும்பு நின்றுவிட்டது.

சுருண்டிருந்த துணியை டொக்டர் நீவிவிட்டார். அவருடைய பெருவிரல் முதுகில் எதையோ தேடியது. மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தது. மறுபடியும் இழுத்தது.

"சத்தியா, ஆள் வாறார் எண்டு போய்ச் சொல்லும்."

கதவு சாத்தும் சத்தம். சேலைச் சரசரப்பு தேய்ந்து போனது. துணிக்கு அந்தப் பக்கம், காதோரமாக, டொக்டரின் குரல் இறங்கி ஒலித்தது.

"என்ரை வீட்டிலயும் இப்பிடி ஒண்டு இருக்கு, டெம்ப்சி. வெட்டினா ஏன் வெட்டினது எண்டு பாப்பாங்கள். உம்மடையைப் பாத்தா, பிறகு என்ரையையும் பாப்பாங்கள். கையைத் தூக்கும்."

கத்தரிக்கோல் பைக்குள் விழுந்தது.

டொக்டர் முழங்காலை ஊன்றி இழுத்தார். தோளில் என்னவோ நொறுங்கியது. தலை வெளியே வந்தது. எதிரே கண்ணாடியில், தலை சிவந்து உடல் பச்சையாக ஒரு சிங்கம் விழித்துக்கொண்டு நின்றது.

மேடையில் டொக்டர் ஒலிபெருக்கியை வாங்கி வைத்திய அறிவித்தல் விடுத்தார்: வேல்ஸில் உடைந்த அந்தத் தோளை முன்னிட்டு ஜேர்சியை எக்காரணம் கொண்டும் சபையில் கழற்றக்கூடாது. சபை கண்கலங்கியது.

தலைவர் அசரவில்லை. அப்படியானால் இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் சிங்கமே இதைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் என்று அந்த இடத்திலேயே தீர்மானம் நிறைவேற்றினார். பிறகு ஜேர்சியின் மார்பைத் தடவிக் காட்டினார். இத்தனை வருடத்தில் ஒரு பொட்டு மண் இல்லை, ஒரு துளி இரத்தம் இல்லை, இப்படிப் பேணியவர் எவரும் உண்டா என்று கேட்டார்.

எவரும் இல்லை. கைதட்டினார்கள். முன்வரிசையில் பலமாகத் தட்டியவர் டொக்டர்.

டெம்ப்சி முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு சிரித்தார். படம் எடுத்தார்கள்.

அந்த முதுகில் ஆறாம் எண் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. இடப்பக்கத்தில் தைத்திருந்த ஒன்று என்ற இலக்கத்தைப் பிரித்தெடுத்த இடத்தில் ஊசித்துளைகள் மட்டும் மிச்சம்.

அந்தக் காலத்து றக்பியில் ஆடுவது பதினைந்து பேர். எவனுக்குக் கால் முறிந்தாலும் மாற்று ஆள் இறங்க முடியாது. பதினாறாவது ஆளின் வேலை, ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் கோட்டுகளைப் பார்த்துக்கொள்வது.