தடம் பிரியும் இடம்

பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் கிளைகளை, மயிரிழை பிசகாமல் செய்து விற்பவள் அவள். முந்தின நாள் வாங்கிப்போன கிளையோடு ஒரு பெரியவர் மறுபடியும் கடைக்கு வந்து நின்றார்.

"இந்த இடத்துக்கு வந்தாலே வண்டி குதிச்சு விழுந்துடுதும்மா."

அளந்து பார்த்தாள். கனகச்சிதம். தன் பொம்மை ரயில்பெட்டி ஒன்றை அதன்மேல் உருட்டிவிட்டாள், வழுக்கிக்கொண்டு போனது. சுருக்கென்று கோபம் வந்தது.

"என் வேலையில குத்தமே இல்லைங்க ஐயா. கோளாறு உங்க வண்டியிலதான். நாளைக்கு அதை எடுத்துட்டு வாங்க."

பெரியவர் தலை குனிந்தார்.

"என்கிட்ட வண்டியே இல்லம்மா. என் சம்சாரம் போனப்புறம் வீட்டுல பேச ஆளில்ல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்படின்னா இது லேசுல சரியாகாது. உட்காருங்க ஐயா, நிதானமாப் பார்ப்போம்."