மாமனார் கட்டிய கக்கூஸ்

"கடப்பாரையக் கீழ போடு கொழந்தவேலு. இது மேல ஒரு அடி வுழுந்துது, அத்தோட இந்த வூட்டுல உன் வேலை முடிஞ்சிது!"

பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த தோட்டத்துக் கக்கூஸ் கதவுக்குக் குறுக்கே நின்று கத்தினாள் விஜயகுமாரி. மேஸ்திரி குழந்தைவேல் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, அவள் புருஷன் உலகநாதனைப் பார்த்தார்.

உலகநாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

பாகூரில் அவர் வீடு பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு. தாத்தா கட்டியது. சனி, ஞாயிறில் வருகிற டூரிஸ்ட்டுகளைத் தங்கவைக்கலாம் என்று, பழமை கெடாமல் சமையல்கட்டையும் பாத்ரூமையும் மாற்றிக்கொண்டிருந்தார்.

பழமை மேல் அவருக்கு அவ்வளவு பாசம். நன்றாக இருந்த சிவப்புத் தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, சிவப்புத் தரை மாதிரியே இருக்கிற டைல்ஸை ஒட்டினார். வெந்நீர் போடுகிற பித்தளை அண்டாவுக்கு அடியில் ஓட்டை போட்டு வாஷ்பேசின் ஆக்கினார். புகைபோக்கியைத் தொடவே இல்லை. அதுக்கு நேர் கீழே புகையே வராத கரண்ட் அடுப்பை வைத்தார். ஆட்டுக்கல் குழிக்குள் மணிபிளான்ட் வளர ஆரம்பித்தது.

புது பாத்ரூமுக்கு ஒரு சட்டமும் போட்டார். வேலையாட்கள் யாரும் உள்ளே போகக் கூடாது. போட்டோ எடுக்க வேண்டிய பாத்ரூமாம்.

வேலையாட்கள் அஞ்சு பேர். அதில் பொம்பளை ஒருத்திதான், கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற சித்தாள் தேவி. முதல் நாளே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஐயா, ஒதுங்கறதுக்கு எங்க..."

"பின்னாடிதான் கரும்புக் கொல்லை இருக்கே! அந்தக் காலத்துல எங்க வூட்டு ஆளுங்களே அங்கதான் போனாங்க. அதுவும் பாரம்பரியம்தாம்மா."

நாலாம் நாள் அந்தப் பாரம்பரியத்தை வெட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கொல்லை மொட்டையாகக் கிடந்தது.

இது எதற்குமே வாயைத் திறக்காத விஜயகுமாரி, அஞ்சாம் நாள் ஒரு கக்கூஸுக்காகக் களத்தில் இறங்கிவிட்டாள்.

"ஏ விஜயா, இதுல இன்னாடி பழமை இருக்கு? சிமெண்ட் ஷீட்டு, தகரக் கதவு. எங்கப்பா எம்பத்தாறுல கட்டுனது!"

"அதாங்க நானும் சொல்றேன். மாமா நின்னு கட்டுனது. அவரு ஞாபகமா இருந்துட்டுப் போவட்டும்."

"அவரு ஞாபகமா? அவரு கடைசி மூணு வருஷமும் நீங்க ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசிக்கலியே!"

"இப்பப் பேசணும்னு தோணுது."

குழந்தைவேல் சிரிப்பை அடக்கிக்கொண்டு மண்வெட்டியைத் தேடப் போனார்.

சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

"உசுரோட இருந்தப்ப அந்த மனுஷனுக்கு ஒரு லோட்டா காப்பி நேரத்துக்குக் குடுத்ததில்ல. செத்தப்புறம் கக்கூஸுல நினைவு மண்டபம்! ஆண்டவரே, எனக்கும் இப்படி ஒரு மருமவளக் குடு" என்று எதிர்வீட்டு சகாயராணி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

விஜயகுமாரி அதோடு விட்டாளா? மறுநாளே உள்ளே ஒரு பல்பு, ஒரு பக்கெட்டு, ஒரு தாழ்ப்பாள் கேட்டாள்.

"செத்தவருக்குத் தாழ்ப்பா எதுக்குடி?"

"ஏன், மானம் மரியாதை உங்களுக்கு மட்டுந்தானா?"

இவளிடம் பேசி ஆகாது என்று உலகநாதன் விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து அரியாங்குப்பத்திலிருந்து அவர் பங்காளி அரிகரன் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர் தோட்டத்தில் போய் அசந்து நின்றார்.

"எல்லாத்தையும் மாத்திட்டு இத மட்டும் வுட்டு வெச்சிருக்கியே, ஏம்பா?"

"அது... அப்பா கட்டுனது."

அரிகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா கட்டுன கக்கூஸக் கூட இடிக்க மனசு வரலியா உனக்கு? நீ புள்ளடா! என் புள்ளைங்களும் இருக்கானுங்களே!"

உலகநாதன் நெஞ்சு ஒரு சாண் விரிந்தது.

"மேஸ்திரி கடப்பாரையத் தூக்கிட்டாரு. நாந்தான் குறுக்க நின்னேன். ஒரு அடி வுழக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

விஜயகுமாரி பக்கத்திலேயே மோர் சொம்போடு நின்றாள். ரெண்டு பேருக்கும் மோரை ஊற்றிக் கொடுத்தாள்.

அதிலிருந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் உலகநாதன் நேரே கக்கூஸுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். சொல்லச் சொல்ல அதன் வயசும் ஏறியது. எண்பத்தாறு, அறுபத்தாறாகி, மாசக் கடைசியில் பிரெஞ்சுக்காரன் காலத்துக்கே போய்விட்டது. தகரக் கதவைத் தொட்டு, "இது பாரீஸ் டிசைன்" என்று ஒருத்தரிடம் சொன்னதைக் குழந்தைவேலே காதால் கேட்டார்.

ரெண்டு மாசத்தில் வேலை முடிந்தது. முடிந்த மறுநாள் காலையில் உலகநாதன் வில்லியனூர் போய், 'தந்தையார் நினைவாக' என்று வெட்டின மார்பிள் கல்லை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தார். கக்கூஸ் வாசலில் பதிக்கத்தான்.

தோட்டத்தில் வாசலும் இல்லை, கக்கூஸும் இல்லை. இடிந்த செங்கல்லைக் குழந்தைவேல் வண்டியில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"யோவ், யாருய்யா இத இடிக்கச் சொன்னது?"

"அம்மாதாங்க சொன்னாங்க."

"அடிப்பாவி! எங்கப்பா ஞாபகத்த இடிச்சிட்டியேடி! நீதானே கட்டிக்கிட்டு அழுத, இப்ப இன்னாடி வந்துது உனக்கு?"

விஜயகுமாரி செங்கல் தூளைக் கூட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"தேவிக்கு நேத்தோட வேலை முடிஞ்சி போச்சு. இனிமே அது யாருக்கு?"