கூண்டில் தூங்கும் எலி

1915, பிற்பகல். வடகடலின் தரையில் அந்த ஆங்கிலேய நீர்மூழ்கி அசையாமல் கிடக்கிறது. மேலே ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்று எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. தலையை நீட்டினால் சுட்டுவிடும். அவசரமாக மூழ்கியதில் பெட்ரோல் எஞ்சினின் புகை உள்ளேயே தங்கியிருக்கலாம். அதிலுள்ள நஞ்சுக்கு மணமில்லை, நிறமில்லை. மனிதனுக்கு முன்பே எலி தூக்கம் வந்து மயங்கிவிடும் என்பதால் சுவரில் ஒரு கூண்டு மாட்டியிருக்கிறார்கள். மங்கலான விளக்கொளியில் எல்லோரும் அதைச் சுற்றிக் குனிந்திருக்கிறார்கள். வெள்ளை எலி ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. "அதுக்கு யாருடா என்ன குடுத்தீங்க?" என்று தளபதி பாஸ்கோ தணிந்த குரலில் கேட்கிறார். "கொஞ்சூண்டு பாலாடைக்கட்டி, சார்," என்கிறான் எஞ்சின் பார்க்கும் டிரெகியர். "நான் பன்றிக்கொழுப்பு வச்சேன்," என்கிறான் சமையல்காரன். "ஆளாளுக்கு ஊட்டினா அது புது மாப்பிள்ளை மாதிரி தூங்காம வேற என்ன செய்யும்?" என்கிறான் டிரெகியர். யாரோ மூக்கால் சிரிக்கிறார்கள். இரும்புச் சுவர் வியர்த்து வடிகிறது. பாஸ்கோ பென்சிலால் கம்பியை மெல்லத் தட்டுகிறார். அசைந்தது எலியின் மீசையா, விளக்கின் நிழலா என்று தெரியவில்லை. மறுபடி தட்டுகிறார்.

சுக்கான் பிடிக்கும் ஹாக்கின் நீளமாகக் கொட்டாவி விடுகிறான். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வெட்கத்தோடு சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொள்கிறான்.

"சார், நான் காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல."

பாஸ்கோ நிமிர்ந்து, மூடியிருக்கும் மேல்கதவைப் பார்க்கிறார்.