பின்தங்கியோர் பட்டியல்

முதல் குற்றம்: மக்காச்சோளத்துக்கு நடுவே தட்டைப்பயறு விதைக்காதே, அது பத்தாம்பசலித்தனம் என்று வேளாண் அலுவலகம் சொன்னது.

இரண்டாவது: பேச்சைக் கேட்காமல் விதைத்த பன்னிரண்டு பேருக்கு மானிய விதை கிடையாது என்றது.

மூன்றாவது: பூச்சி விழுந்த நேரம் அலுவலரைத் தேடிப் போனால், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க அனுப்பிவிட்டோம் என்றார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பூச்சி தின்று முடிக்கும்வரை.

நான்காவது: போன வருடம் அதே அலுவலகம் வந்து, 'பயறு கலந்து விதைப்பீர், பயன் பெறுவீர்' என்று அந்தப் பன்னிரண்டு பேர் வயலிலேயே பலகை நட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டது.

ஐந்தாவதுதான் பொறுக்க முடியாதது.

விவசாயிகள் சங்கச் செயலாளர் ஐந்தையும் இதே வரிசையில் அச்சடித்து, காலையிலேயே விவசாயக் கல்லூரி வாசலில் கொடுத்து முடித்திருந்தார். முப்பது வருடமாக எந்த அநியாயத்தையும் அச்சில் ஏற்றாமல் விட்டதில்லை என்பதால் அவருக்கு 'நோட்டீஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் சங்கத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஐந்தாவது குற்றத்தைக் கண்டுபிடித்தவர், பைண்டிங் கடை வைத்திருக்கும் அவருடைய மைத்துனர். அந்தப் பகுதிக்கு வேளாண் அலுவலராக இருந்த பெண்மணி, படிப்பு விடுப்பு எடுத்து டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு தைக்க வந்திருந்தது. அதில் ஒரு தலைப்பு மைத்துனரின் கண்ணில் பட்டது: 'புதியதை ஏற்பதில் பின்தங்கியோர்.' கீழே பதினேழு வரிகள்.

வரப்பில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு வருடம் கேள்வி கேட்டுவிட்டுக் கடைசியில் வைத்த பெயர் பின்தங்கியோர்! நோட்டீஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு அந்த அம்மாவுக்கு வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது கல்லூரியின் விதி. கேட்கத்தான் அவர் வந்திருந்தார். சாட்சிக்குப் பன்னிரண்டு பேரையும் கையோடு கூட்டிவந்திருந்தார். எழுதுவதற்குக் கைப்பிடியில் குட்டிப் பலகை வைத்த நாற்காலிக்குள் எந்தப் பக்கமாக நுழைவது என்று தெரியாமல் அவர்களில் இரண்டு பேர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

தலைமை வகித்தவர் டீன். மண் ஆய்வுக்கூடத்திலேயே தலை நரைத்தவர். விவசாயியிடம் போய்ப் பேசுகிற விரிவாக்கத் துறை என்றாலே அவருக்கு இளப்பம். குடுவை இல்லை, நுண்ணோக்கி இல்லை, ஊர் ஊராகப் போய்ப் பேசுவதற்கு எதற்குப் பட்டம் என்று மேடையிலேயே சொல்லிச் சிரித்தார். அந்தத் துறையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆய்வு மாணவர் இடம். இந்தப் பட்டம் நின்றுபோனால் அந்த இடமும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடும்.

நோட்டீஸ் எழுந்து ஐந்து குற்றங்களையும் படித்தார். டீன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விவசாயி சொன்னதை முழுதாகக் கேட்டார். ஆட்சேபம் எழுத்தில் வந்தால் பட்டத்தை நிறுத்தி வைக்கலாம் என்று அன்பாகச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளையும் கொடுத்தனுப்பினார்.

தாளை வாங்கி வைத்துக்கொண்டு நோட்டீஸ் கேட்டார்.

“அந்தப் பதினேழு பேர் யாரும்மா? பேரைப் படிங்க.”

ஆய்வேட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் என்றார் அலுவலரம்மா. பேட்டி கொடுத்தவர்கள் பெயரை வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

“முதுகுக்குப் பின்னாடி எழுதலாம், முகத்துக்கு நேரா படிக்கக் கூடாதா?”

பின்வரிசை சிரித்தது. ஐயா கேட்பது நியாயம்தானே என்றார் டீன்.

அலுவலரம்மா கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

“பதினாறு பேரைச் சொல்ல முடியாது, அண்ணே. அவங்க சம்மதம் தரல. ஒண்ணாம் எண்ணை மட்டும் படிக்கலாம்.”

நோட்டீஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தன்னிடம் யாரும் சம்மதம் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஆனாலும் பின்தங்கியதில்கூட முதலிடம் தனக்குத்தான் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, 'ஆட்சேபம்' என்று தலைப்புப் போட்டார்.

அலுவலரம்மா படித்தார்.

“எண் ஒன்று. பயறு கலந்து விதைத்தால் பூச்சி குறையும், மண் தேறும் என்று பன்னிரண்டு விவசாயிகள் சொன்னார்கள். அதை ஏற்றுக்கொள்ள இவருக்கு ஆன காலம், ஒன்பது வருடம். கல்வித் தகுதி, வேளாண் பட்டம்.”

நோட்டீஸின் பேனா நின்றது. அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்.

டீன் அப்போதுதான் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்தார். தானும் ஒரு நாள் இந்த அம்மாவுக்குப் பேட்டி கொடுத்தது ஞாபகம் வந்தவர்போல், மற்றப் பதினாறு வரிகளைத் தேடி மளமளவென்று பக்கங்களைப் புரட்டினார்.

“பதவி, வேளாண் அலுவலர்.”

நோட்டீஸ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“பெயர்” என்று நிறுத்திய அலுவலரம்மா, பின்வரிசையில் இருந்த பன்னிரண்டு சாட்சிகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கடைசி நாற்காலிவரை கேட்கும்படி, தன் சொந்தப் பெயரை வாசித்தார்.