வாலன்டரிலி

ஹலீமா டீச்சர் சிவப்பு மையால் சுழித்ததும் இராஜாங்கத்துக்குச் சுரீரென்றது.

குடவாசல் டுடோரியலில் அவன்தான் வயதில் மூத்த மாணவன், டீச்சருக்கே மூத்தவன். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் நாலு தடவை கோட் அடித்தவன். இந்தத் தடவையும் போனால் குத்தாலத்துப் பெண்ணும் போய்விடும். "முதல்ல பாஸ் பண்ணட்டும்" என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

'வாலன்டரிலி' என்ற வார்த்தையைச் சொந்த வாக்கியத்தில் அமைக்க வேண்டும். இராஜாங்கம் எழுதியதன் பொருள் இது: 'காத்தாயி தன் விருப்பத்தோடு எங்கள் மாட்டுக்கொட்டகையைக் கூட்டுகிறாள்.'

"ஸ்பெல்லிங் தப்புங்களா டீச்சர்?"

"இல்லை."

"கிராமர்?"

"அதுவும் இல்லை. அந்த வார்த்தை அங்க பொருந்தலை. கொட்டகை கூட்டறதுக்கு அவங்களுக்கு என்ன கூலி?"

"அதுக்கு ஏதுங்க கூலி? வயல் வேலைக்குத்தான் கூலி. பண்ணையாள் வீட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து கொட்டகையைக் கூட்டறது தாத்தா காலத்து வழக்கம். நாங்க யாரையும் கூப்பிடறதில்லை. அவங்களா வர்றாங்க."

"அவங்க வீடு யார் இடத்துல இருக்கு?"

"எங்க கொல்லையிலதான்."

டீச்சர் சுழியின் மேல் இன்னொரு சுழி போட்டாள்.

"மாட்டுக்கொட்டகையிலயும் கோட்டாண்ணே?" என்றான் பக்கத்து பெஞ்சு பஞ்சநதம்.

மறுநாள் விடிந்ததும் இராஜாங்கம் கொட்டகைக்கே போய்விட்டான்.

"காத்தாயி, நீ இங்க நீயாத்தானே வர்றே?"

"ஆமாங்க சின்னய்யா, நானாத்தான் வர்றேன்" என்றாள் அவள், விளக்குமாற்றை நிறுத்தாமல்.

சாட்சி கிடைத்த வக்கீல் மாதிரி டீச்சரிடம் ஓடினான்.

"உங்க கொல்லையில குடியிருக்கிறவங்க உங்ககிட்ட வேற என்ன சொல்வாங்க? மனை அவங்க பேருக்கு வரட்டும். அப்புறமும் வந்தாங்கன்னா முழு மார்க்."

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சர்க்கார் அப்போதுதான் சட்டம் போட்டிருந்தது. அதெல்லாம் செல்லாது என்று ஆட்சேபம் கொடுத்து இழுத்தடித்துக்கொண்டிருந்த மிராசுதார்களில் இராஜாங்கமும் ஒருவன்.

"பட்டா வந்தாலும் வருவாங்க டீச்சர். பார்க்கிறீங்களா?"

வீம்பு யாரை விட்டது? நேரே தாலுகா ஆபீசுக்குப் போய்க் காத்தாயி மனைக்கான ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினான். கிளார்க் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன காரணம்னு போடட்டும்?"

"இங்கிலீஷ் பரீட்சைன்னு போடுங்க."

அறுவடைக்குள் காத்தாயி கைக்குப் பட்டா வந்தது. மறுநாள் அவள் கொட்டகைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"நல்லா இங்கிலீஷ் படிச்சே! மாடு சாணியில நிக்குது. நீயே அள்ளு" என்று அம்மா விளக்குமாற்றை அவன் காலடியில் போட்டுவிட்டுப் போனாள்.

அள்ளினான். குளித்துவிட்டு டுடோரியலுக்குப் போனான்.

"வாக்கியம் தப்புதாங்க டீச்சர்."

"பரீட்சைக்கு அது சரிதான். முழு மார்க் போடுவாங்க. பேப்பர் திருத்தறவருக்குக் காத்தாயியைத் தெரியாதே."

"அப்ப எதுக்குச் சுழிச்சீங்க?"

"ஆட்சேபத்தை வாபஸ் வாங்குங்கன்னு நேராச் சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

பஞ்சநதம் நோட்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

இராஜாங்கம் விருட்டென்று எழுந்தான். வாசல் வரை போனான். செருப்பில் ஒரு காலை நுழைத்தவன், என்னவோ யோசித்து, திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"எங்க கொல்லையில இன்னும் ஆறு வீடு இருக்குங்க. அடுத்த வார்த்தை என்ன டீச்சர்?"