மூன்றரை அடிப் பலகை

இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவி கத்தியது.

ஆவுடை எதிர்பார்த்த இடம்தான். அறுத்துப் போட்டிருந்த புளியமரத்தின் தெற்குப் பக்கம், அடியிலிருந்து ஐந்தடி தள்ளி.

"இங்க ஒண்ணு உள்ள கெடக்கும்மா," என்றார் பீர்முகமது. செங்கோட்டையிலிருந்து அறுப்பு மெஷினோடு வந்தவர். "நாலு விரக்கடை ஆழம் இருக்கும். புடுங்க வராது."

மேலாக இருந்த பதினேழு ஆணிகளைக் காலையிலேயே குறடு போட்டு அவளே பிடுங்கியிருந்தாள். உள்ளங்கை கன்றிப் போயிருந்தது.

ஒவ்வொன்றும் யாரோ ஒரு பெண்ணுக்குப் பேய் ஓட்டி, அவள் உச்சிமுடியை மரத்தோடு சேர்த்து அறைந்த ஆணி. இந்த ஊரில் ஆம்பிளை ஒருத்தனுக்கும் பேய் பிடித்ததில்லை. பேய்க்கும் ஆள் பார்க்கத் தெரியும் போல.

அதற்குப் பயந்துதான் எந்த லாரிக்காரனும் மரத்தை ஏற்ற மாட்டேன் என்றான். டவுன் மில்லில் கேட்கப் போனவளை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். போங்கடா என்று மெஷினையே மரத்தடிக்கு வரவழைத்துவிட்டாள். மரத்தின் இரண்டு பக்கமும் தண்டவாளம். அதன் மேல் பிளேடு நகர்ந்து வந்து அறுக்கும்.

மேல்பாதியை எடுத்தாயிற்று. இனி வருவது நடுப்பலகை. மரத்திலேயே அகலமானது அதுதான்.

பீர்முகமதுக்குப் பேயிடம் பயமில்லை. ஆணியிடம்தான் பயம்.

"ஓரத்துல அரையடி கழிச்சிட்டு அறுத்தா ஆணி வெளிய போயிரும். மூணு அடி அகலம் நிக்கும். உங்க தையல் கடையில துணி வெட்டுற மேசைக்கு மூணு அடி போதாதாம்மா?"

"போதாது. மூணரை வேணும்."

"பிளேடு தெறிச்சிரும்."

"தெறிக்கட்டும். நான் பொறுப்பு. ஆணி வழியாவே அறுங்க."

மூன்று அடி போதும் என்று அவளுக்கும் தெரியும்.

வரப்பில் அண்ணன் வெள்ளத்துரை நின்றிருந்தான். அவனுக்கு இரண்டடி பின்னால், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவன் மனைவி முப்பிடாதி.

"ஏட்டி ஆவுடை, அடங்கவே மாட்டியா? அந்த ஆணி வெளிய வந்தா, அது நேரா வீட்டுக்குல்ல வரும்!"

அது.

பத்தொன்பது வயதில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டைக் கீழே வைத்தாள். 'நான் இவரக் கெட்டிக்கிட மாட்டேன்' என்றாள். அவ்வளவுதான் அவள் செய்தது. மூன்றாம் நாள் பேயோட்டக் கோடாங்கி வந்துவிட்டான்.

'நீ யாரு?' என்று கேட்டு வேப்பங்குச்சியால் அடித்தான்.

'ஆவுடை' என்றாள்.

பதினோரு தடவை கேட்டான். பதினோரு தடவையும் தன் பெயரைத்தான் சொன்னாள். பன்னிரண்டாவது அடியில், கிணற்றில் விழுந்து செத்துப்போன ஒருத்தியின் பெயரைச் சொன்னாள். எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. அப்பா முகத்தில்கூட நிம்மதி. அந்த நிம்மதியை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்றைக்கு அவள் முடியோடு அறைந்த ஆணிக்கு இப்போது இருபத்து மூன்று வருடம்.

முதலில் ஆணியின் தலை வெளியே தெரிந்தது. பிறகு பட்டை மூடியது. பிறகு மரம் முழுசாக விழுங்கிவிட்டது. அப்பா செத்துப் பங்கு பிரித்தபோது மரம் நின்ற மூலையை யாரும் சீந்தவில்லை. அவள்தான் கேட்டு வாங்கினாள்.

"ஓட்டுங்க."

பிளேடு நுழைந்தது. மஞ்சள் தூள் பறந்தது. உள்ளே போகப் போகக் கருஞ்சிவப்பு.

ஐந்தாவது அடியில் ஒரு கிறீச்சல். பொறி பறந்தது. வெள்ளத்துரை வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கிவிட்டான்.

பீர்முகமது பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். மெஷின் திணறியது. திணறித் திணறி மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது.

கடப்பாரை போட்டு நெம்பிப் பலகையைப் புரட்டினார்கள். பட்டையிலிருந்து நாலு விரக்கடை உள்ளே, அறுபட்ட இரும்பு பளிச்சென்று இருந்தது. அதைச் சுற்றி மரம் கறுத்துக் கிடந்தது. இரும்புக் கறை மரத்தின் வரிகளோடு இரண்டு சாண் தூரம் ஓடியிருந்தது.

"இழைச்சாலும் போகாதும்மா இது."

"போக வேண்டாம்."

டேப்பைப் பிடித்து அளந்தாள். மூன்றரை அடி. ஒரு நூல் கூடுதல். சிரிப்பு பொங்கி வந்தது. அவள் அடக்கிக்கொள்ளவில்லை.

"சிரிக்கா பாரு," என்றான் வெள்ளத்துரை. மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "போதும் பாத்தது. நட வீட்டுக்கு."

முப்பிடாதி நடந்தாள். வீட்டுப் பக்கம் அல்ல. அவனைத் தாண்டி, மரத்துக்கு.

மீதிக் கட்டைக்குப் பக்கத்தில் குந்தினாள். பட்டையைத் தடவினாள்.

"அண்ணே, அடுத்த பலகை எது வழியா வரும்?"

பீர்முகமது சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார்.

கோட்டின் மேல் ஓரிடத்தில் அவள் விரலை வைத்தாள். "இங்க பாருங்க."

கருவியைக் கொண்டுபோனார். கத்தியது.

கல்யாணமான மறுவருடம் முப்பிடாதி ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தாள். அதற்காக அறைந்த ஆணி. அன்றைக்கு அவள் முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தது வெள்ளத்துரையின் கைதான். ஊருக்கே தெரியும். ஆவுடைக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் இந்த இரண்டு பெண்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இதையாவது ஒதுக்கி அறுத்திரலாம்மா," என்று கெஞ்சினார் பீர்முகமது.

"ஒதுக்காதீங்கண்ணே," என்றாள் முப்பிடாதி.

அவர் தலையில் அடித்துக்கொண்டு வேறு பிளேடு மாட்டினார்.

ஆவுடை எஞ்சின் கயிற்றை எடுத்தாள். "இந்தாங்க மதினி."

முப்பிடாதி வாங்கி இழுத்தாள். எஞ்சின் பிடிக்கவில்லை.

"ஏய், முப்பிடாதி!" வெள்ளத்துரையின் குரல் வயலுக்குள்ளிருந்து வந்தது.

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். ஒரு காலை மரத்தின் மேல் ஊன்றிக்கொண்டு, மறுபடி இழுத்தாள்.