திங்கட்கிழமை நோன்பு

"உம்மா, ஓடி வாங்க! நாவலப்பிட்டி மாமி வாறாங்க!"

ஜன்னலில் நின்று ஸனா கத்தியதும் அடுப்படியில் றம்லத் கரண்டியோடு திரும்பினாள். நாவலப்பிட்டி மாமி என்றால் ஆஸியா உம்மா. ஸனாவைக் கட்டப்போகும் ஸிபானின் தாய். அடுத்த மாதம் நிக்காஹ்.

"கூட யாரு?"

"தனியத்தான். பஸ்ஸ விட்டு இறங்கி நடந்து வாறாங்க."

"பஸ்ஸிலயா? அவங்கட கார் எங்க?"

"அத அவங்ககிட்டயே கேளுங்களேன்."

பதற்றத்தில் ஏற்கெனவே போட்ட உப்பையே இன்னொரு தடவை போட்டுச் சட்டியை மூடினாள் றம்லத். உள்ளே அவித்த ஈரப்பலாக்காய். திகனயில் கணவர் ஹலீமின் செருப்புக்கடைக்கு மேல் மண்மேடு சரிந்த நாளிலிருந்து, பின்வளவு ஈரப்பலா மரம்தான் இந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. நேற்றுக் கறி, இன்று அவியல், நாளை பொரியல்.

"ஹோட்டல்ல கூட இத்தன வகை இல்ல உம்மா" என்று ஸனா கிண்டல் செய்வாள்.

"வயிறு நிறையுதுதானே? அல்ஹம்துலில்லாஹ் சொல்லிட்டுத் தின்னு" என்று றம்லத்தும் சிரிப்பாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரேயொரு பயம்தான். நாவலப்பிட்டி டவுனில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் சம்பந்தி வீட்டுக்கு இது தெரிந்தால், கலியாணம் நடக்குமா? அதனால் 'கடையைத் திருத்துகிறோம்' என்று சொல்லிவைத்திருந்தாள்.

சனிக்கிழமைதான் ஹஜ்ஜுப் பெருநாள் போயிருந்தது. பெருநாளோடு பெருநாளாய் வரும் சம்பந்திக்கு அவித்த ஈரப்பலாக்காயையா வைப்பது?

"அஸ்ஸலாமு அலைக்கும்!" வாசலில் ஆஸியா உம்மா, குடையை மடக்கியபடி.

"வஅலைக்கும் ஸலாம்! வாங்க வாங்க, இந்தக் கதிரையில உக்காருங்க. என்ன, பஸ்ஸில வந்தீங்களாம்?"

"டிரைவர் லீவு. பஸ்ஸில வந்தா நாலு சனத்தப் பாக்கலாம்தானே?" ஆஸியா உம்மா கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஹலீம் தம்பி எங்க?"

"லுஹர் தொழப் பள்ளிக்குப் போனாரு. வாற நேரம்தான்."

"அவரும் வரட்டும். ஒரு விஷயம் பேசணும்."

கடை போனது தெரிந்துவிட்டதோ? கலியாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறாளோ? றம்லத்தின் வாய் தன்பாட்டில் பேசியது.

"ஒரு வாய் சாப்பிடக் குடுக்கலியேன்னு குறை நினைக்காதீங்க. இன்னைக்குத் திங்கட்கிழமை, சுன்னத் நோன்பு பிடிக்கிற நாள்தானே, நாங்க எல்லாரும் நோன்பு. அதான் அடுப்பே மூட்டல்ல."

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஸனா இருமினாள். வாயில் ஈரப்பலாக்காய்.

ஆஸியா உம்மாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "சுப்ஹானல்லாஹ்! நானும் நோன்புதான் சம்பந்தி! ஒன்னும் தேட வேணாம், பேசாம உக்காருங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"இந்த வருஷ மழை எத்தன பேரக் கவுத்துப்போட்டுச்சு பாத்தீங்களா?" என்றாள் ஆஸியா உம்மா. "என்ன போனாலும் பொறுமையா ஸபூர் செய்யணும். தந்தவன் அல்லாஹ். எடுத்தவனும் அவன்தான். இன்னும் நல்லதா தருவான்."

'காரும் கடையும் உள்ளவங்க லேசாச் சொல்லலாம்' என்று நினைத்துக்கொண்டே றம்லத் தலையாட்டினாள்.

அப்போது ஹலீம் உள்ளே வந்தார். கையில் கனத்த பை, முகமெல்லாம் சிரிப்பு.

"றம்லத்! மண்ணு சரிஞ்சு மூடின பாதை திறந்து மாடு வந்துட்டுது! இன்னைக்குத்தான் பள்ளியில குர்பான் அறுத்தாங்க. இந்தா நம்மட பங்கு இறைச்சி... அட, சம்பந்தியா! வாங்க வாங்க. என்ன, ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கலியா?"

"சம்பந்தி நோன்பு. நாங்களும்... நோன்புதானே" என்று றம்லத் கண்ணைக் காட்டினாள்.

ஹலீமுக்கு அந்தக் கண் ஜாடை எட்டவில்லை.

"நோன்பா? இன்னைக்கா? ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்ச மூணு நாளும் நோன்பு பிடிக்கிறது ஹராம்னு இப்பத்தானே பள்ளியில ஹஸரத் சொன்னாரு! அல்லாஹ் தின்னச் சொன்ன நாள் இது!"

கதவுக்குப் பின்னால் ஸனா அடக்க முடியாமல் சிரித்தாள்.

றம்லத் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பொய் சொல்லிட்டன் சம்பந்தி. கடை மண்ணுக்குள்ள போயிட்டுது. அடுப்புல ஈரப்பலாக்காய்தான் இருக்கு. எங்களுக்கு அது போதும், அல்ஹம்துலில்லாஹ். ஒங்களுக்கு எப்பிடி வைக்கிறதுன்னுதான்... இனி நீங்க என்ன முடிவு எடுத்தாலும் அது எங்கட நஸீப்."

ஆஸியா உம்மா எழுந்தாள். வாசலுக்குத்தான் போகிறாள் என்று றம்லத் கண்ணை மூடிக்கொண்டாள். சட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது, அடுப்படியில் நின்று ஒரு துண்டை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள் ஆஸியா உம்மா.

"பெருநாளைக்கு ஒரு மஸ்கட் இனிப்புத் துண்டு கூட இல்லாம வெறுங்கையோட வந்தவ, எந்த முகத்தோட ஒங்கட வீட்டுல சாப்பிடுறது? அதான் நானும் நோன்புன்னுட்டன்" என்றாள். "ஆத்து வெள்ளம் எங்கட கடையக் கொண்டுபோய், காரும் வித்து முடிஞ்சு, இனி ஸனாவத் தருவீங்களான்னு கேக்கத்தான் பஸ் ஏறி வந்தன். அன்னையிலேருந்து எங்கட வீட்டுலயும் இதுதான் சமையல். ஆனா நீங்க உப்புக் கொஞ்சம் கூடப் போடுறீங்க, சம்பந்தி!"